அறுவைக் கத்தியும் கோபால்ட்டும்

பொங்கலூரில் எங்கள் தெருவில் வளர்ந்த மாணவர் ஒருவர் இப்போது மருத்துவம் படிக்கிறார். 2019-இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், மாணவர் தாமே விரும்பும் துறையில் சில வாரங்கள் பணி பழக இடம் தருகிறது. அவர் புற்றுநோய் அறுவையைத் தேர்ந்தெடுத்தார். விடுமுறைக்கு வந்தவரிடம், "எத்தனை ஆபரேஷன் பார்த்தாய்?" என்று கேட்டேன். "ஆபரேஷனைவிட, அதைச் செய்யலாமா வேண்டாமா என்று பேசிய கூட்டங்களைத்தான் சார் அதிகம் பார்த்தேன்" என்றார். அறுவை மருத்துவரும், கதிர் மருத்துவரும், மருந்து சிகிச்சை வல்லுநரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுப்பார்களாம்.

நூறாண்டுகளுக்கு முன் அந்த முடிவு பெரும்பாலும் கத்தி ஏந்தியவருடையதாகவே இருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், 1894-இல் தம் மார்பக அறுவை முறையை விரிவாக வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள தசைகள், அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றுவது அம்முறை. புற்று, தோன்றிய இடத்திலிருந்து படிப்படியாகச் சுற்றிலும் பரவுகிறது என்று அவர் கருதினார். பனியன் துணியில் சாயம் சொட்டிவிட்டால், கறை எட்டிய இடத்துக்கு அப்பாலும் சேர்த்து வெட்டிவிடுவதைப் போன்றது இது. பெரிய அளவிலான ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படாமலே இக்கருத்து பல்லாண்டுகள் கோலோச்சியது என்பதுதான் எனக்கு வியப்பு.

பெர்னார்ட் ஃபிஷர் 1971-இல் அத்தகைய சோதனையைத் தொடங்கினார். நோயாளரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, சிலருக்குப் பேரறுவையும் சிலருக்குச் சிறிய அறுவையும் செய்தனர். இரு சாராரின் ஆயுளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. புற்றணுக்கள் இரத்தத்தின் வழியே முன்னரே தொலைவுக்குச் சென்றிருக்கக்கூடும் என்பது ஃபிஷரின் கருத்து. நூல் கோனிலேயே பழுது இருந்தால், துணியை எவ்வளவு அகலமாக வெட்டி என்ன பயன்? 1985-இல் அவர் வெளியிட்ட மற்றொரு சோதனையில், கட்டியை மட்டும் அகற்றியவர்களும் மார்பகம் முழுவதையும் இழந்தவர்களுக்கு இணையாக வாழ்ந்தனர். ஆனால் கதிர் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

கதிர் என்றதும் என் பாடம் வந்துவிடுகிறது. சுமார் 200 கிலோவோல்ட்டில் இயங்கிய பழைய எக்ஸ் கதிர்க் கருவிகள் தம் ஆற்றலில் பெரும்பகுதியை மேற்பரப்பிலேயே கொட்டின; ஆழத்துக் கட்டிக்குப் போதிய அளவு சேருமுன் தோல் வெந்துபோகும். அணு உலையில் கோபால்ட்-59 ஒரு நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 ஆகிறது. அதன் காமாக் கதிர்களின் ஆற்றல் 1.17, 1.33 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். இக்கதிரின் உச்ச அளவு தோலுக்குக் கீழே ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் அமைவதால் தோல் தப்புகிறது. அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், ஆகவே மாதத்துக்குச் சுமார் 1 விழுக்காடு வலு குறையும், அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்ட வேண்டும். 1951-இல் கனடாவில் இச்சிகிச்சை தொடங்கியது. அங்கு ஒரு கருவியை வடிவமைத்த ஹரால்ட் ஜான்ஸ் மருத்துவர் அல்லர், இயற்பியலார்!

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், அடையாறு புற்றுநோய் நிலையம் 1954-இல் 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அறுவை மருத்துவரான அவர் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பெற்ற டாக்டர் வி. சாந்தா, தேடிவந்த அரசுப் பணியை விட்டு 1955-இல் அங்கே சேர்ந்தார். புற்றுநோய் அறுவையில் உயர் பட்டம் பெற நாட்டில் அப்போது வழியில்லை. மூத்தவர் அருகில் நின்று பழகுவதே படிப்பு. அந்தப் பத்தாண்டிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் கருவியும் வந்தது.

புகையிலை மென்று வாய்ப்புற்று கண்டவர்கள், முற்றிய நிலையில்தான் வருவார்கள். கத்தி ஒன்றால் அவர்களைக் காப்பது அரிது. எனவே கதிரையும் மருந்தையும் இணைக்கும் முறைகளை இருவரும் ஆராய்ந்தனர். 1960-களில் கட்டுரைகள் வெளிவந்தன. அப்போது ஃபிஷரின் சோதனை தொடங்கியிருக்கவில்லை. புற்றுநோய் அறுவைக்கான எம்.சிஎச். பட்டப் படிப்பு அங்கே 1984-இல்தான் வந்தது.

எங்கள் மாணவர் அறுவை அரங்கில் இரண்டே முறை கொக்கி பிடித்து நின்றாராம். ஊர் திரும்புமுன் என் அணுக்கரு இயற்பியல் நூலை இரவல் வாங்கிச் சென்றார். பிளஸ் டூவில் அவர் 'சாய்ஸில்' விட்ட பாடம் அது.