வீட்டுப் பெட்டகத்து ஞாபகார்த்தப் பதக்கங்கள்

பதக்கம் என்றவுடன் நம் பாட்டிமாருக்கு நினைவு வருவது கழுத்தில் அணியும் பதக்கஞ் சங்கிலியே. இராசாங்கம் வழங்கிய வெள்ளி வில்லைக்கும் அதே பெயரை நாம் வைத்துவிட்டோம். பெயர் ஒன்றானதாலோ என்னவோ, பல வீடுகளில் முடிவும் ஒன்றாயிற்று: முடை வந்தபோது இரண்டும் தட்டாரின் குகைக்குள்ளே போயின.

இது சிறிய நட்டமன்று. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வீட்டுக் கடதாசிகளும் படங்களும் கைவிடப்பட்டன. காகிதம் அழிந்த நாட்டிலே, செல்லரிக்காத உலோகம் எதுவாயினும் அது சாட்சிதான். அந்நியன் தந்த அடிமைச் சின்னத்தை எதற்குப் பேணவேண்டும் என்று கேட்கும் இளைஞரும் உளர். தந்தவனுக்காகவன்று, பெற்ற நம்மவர் எங்கே, என்ன தொழில் செய்தார் என்பதை அறிவதற்காகவே பேணவேண்டும் என்பது என் விடை.

இவை நம் வீடுகளுக்கு வந்த வழிகள் பெரும்பாலும் இரண்டு. இங்கே மணியகாரர், உடையார், கச்சேரி உத்தியோகத்தர் என்போர் வழி ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயா றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்துப் பென்சனோடு ஊர் திரும்பியோர் வழி மற்றொன்று. 1902இல் ஏற்படுத்தப்பட்ட இம்பீரியல் சேர்விஸ் மெடல் கீழ்த்தர உத்தியோகத்தர் இளைப்பாறும்போது பெற்றது. 1920 வரை அது நட்சத்திர வடிவினது, பின்னர் வட்டமாயிற்று. வட்டப் பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பெற்றவர் பெயர் பொறித்திருக்கும்.

1935ஆம் ஆண்டு வெள்ளிவிழா, 1937, 1953ஆம் ஆண்டுகளின் முடிசூட்டு விழாக்கள் ஆகியவற்றின் பொருட்டு மார்பில் அணியக் கொடுத்த பதக்கங்களிலோ பெயர் இல்லை. ஆகவே அவற்றோடு வந்த அத்தாட்சிக் கடதாசியே உயிர்நிலை. பதக்கத்தைத் துணியிற் சுற்றி வைத்துவிட்டு, கடதாசியைக் குப்பையில் எறிந்த வீடுகளே அதிகம்!

ஆண்டறிவதற்கு உரோம எண்கள் உதவும். விக்டோறியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு லண்டன் அரச நாணயசாலை அடித்த பதக்கத்தில் ஒருபுறம் முக்காடிட்ட முதிய முகமும், மறுபுறம் இளமை முகமும் உண்டு. இளமை முகத்தின் பக்கத்திலுள்ள இலத்தீன் வாசகம் வேதாகமத்து நீதிமொழிகளிலிருந்து எடுத்தது. நீண்ட ஆயுளையும் புகழையும் பற்றியது. MDCCCXCVII என்றால் 1897.

1902ஆம் ஆண்டுப் பதக்கம் பலரை மயக்கும். ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு ஜூன் 26இல் நடக்க இருந்தது. மன்னர் நோயுற்றுச் சத்திரசிகிச்சை பெற்றமையால் ஓகஸ்ட் 9இலேயே நடந்தது. அணியும் பதக்கத்தில் ஜூன் 26 என்றே இருக்கும். திகதி பிழை, ஆகவே போலி என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

எட்டாம் எட்வேட்டின் கதை இதற்கு நேர் எதிர். அவர் 1936 டிசம்பரில் முடிதுறந்தார், முடிசூட்டு நடக்கவேயில்லை. நடக்காத விழாவின் பதக்கம் பெருவிலை பெறும் என்று எண்ணுவோர் பலர். ஆனால் வியாபாரிகள் முன்கூட்டியே ஏராளமாக அடித்துவிட்டமையால் அவை மலிந்த சரக்கு.

வெள்ளியோ வெள்ளீயமோ என்று அறியச் சுரண்டிப் பார்ப்பது பாவம். தட்டாரின் சிறு தராசில் நிறுத்து, பின் நூலிற் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். குறைந்த நிறையால் முதல் நிறையை வகுத்தால், நல்ல வெள்ளிக்குப் பத்துக்குச் சற்று மேலே வரும். வெண்கலத்துக்கு ஏறக்குறைய 8.8, வெள்ளீயக் கலவைக்கு ஏழுக்குச் சற்று மேல். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டவை பெரும்பாலும் மலிந்த உலோகமே. தட்டார் சொல்லும் விலை வெள்ளியின் நிறைக்கு மட்டுமே. பெயர், கடதாசி, நாடா, பெட்டி ஆகியவை சேர்ந்திருந்தால் சேகரிப்போர் தரும் விலை அதனிலும் பன்மடங்காகலாம்.

புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து மினுக்கிய பதக்கம் அந்த விலையை இழந்துவிடும். கறுப்புப் படிந்திருந்தால் படிந்தபடியே இருக்கட்டும். நம் உப்புக்காற்று வெண்கலத்துக்குப் பகை; பச்சைத் தூள் பூத்தால் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். றப்பர் பட்டியிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். கட்டுவதற்குப் பருத்தி நூலே போதும். பெரியவர்கள் இருக்கும்போதே யாருடைய பதக்கம், எந்த ஊரில் எந்தக் கந்தோரில் இருந்தார் என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி, அதனையும் உடன் வையுங்கள்.