சாயத் தூரிகை பிடிக்கும் டச்சு அரச குடும்பம்

ஆண்டுக்கு ஒருமுறை நெதர்லாந்து அரச குடும்பத்தினர், வேலைக்கு ஏற்ற சாதாரண உடையில் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்திற்கோ சமூக மையத்திற்கோ செல்கிறார்கள். திறப்பு விழாவுக்காக அல்ல. சுவருக்குச் சாயம் பூசுவது, தோட்டத்தைச் சீராக்குவது, சமையலறையில் உதவுவது என அங்கு தரப்படும் வேலையைச் செய்வதற்காக.

'என்எல்டூட்' எனப்படும் தேசியத் தன்னார்வப் பணி நாள்களின் ஒரு பகுதி இது. 'நெதர்லாந்து செய்கிறது' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். நம் வட்டாரக் கோத்தோங் ரோயோங்கை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடத்துவது போன்றது. வழக்கமாக மார்ச் மாதத்தில், வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களில் நடைபெறும்.

இதை நடத்துவது ஒரான்ய நிதியம். ஒரான்ய என்பது அரச வம்சத்தின் பெயர். ஆரஞ்சு நிறத்துக்கும் அதுவே டச்சுச் சொல். அந்நாட்டுக் காற்பந்துக் குழுவின் சட்டை நிறமும் இங்கிருந்து வந்ததுதான். 2002 பிப்ரவரியில் அன்றைய இளவரசர் வில்லெம்-அலெக்சாண்டர், அர்ஜெண்டினாவில் பிறந்த மாக்சிமாவை மணந்தபோது, நாட்டின் திருமணப் பரிசாக அமைந்தது இந்த நிதியம். தம்பதியர் இருவரும் அதன் புரவலர்கள்.

ஏற்பாடு எளிமையானது. முதியோர் இல்லம், சாரணர் குழு, விளையாட்டு மன்றம் போன்ற அமைப்புகள் தங்களுக்குத் தேவையான வேலையையும் ஆள் கணக்கையும் முன்கூட்டியே பதிவு செய்கின்றன. சாயம், மரப்பலகை, பூச்செடி வாங்க நிதியம் சிறு தொகை தரும். பொதுமக்கள் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். வேலி புதிதாவது ஒரு பயன். அதைவிட முக்கியம், அதுவரை அந்த இல்லத்திற்குள் கால் வைக்காத அண்டை வீட்டார் உள்ளே வருவது.

முன்னாள் அரசியார் பெயாட்ரிக்ஸ், 33 ஆண்டு ஆட்சிக்குப் பின் 2013-இல் மகனுக்கு வழிவிட்டவர். அதன் பிறகும் இப்பணியில் கலந்துகொண்டார்.

விமர்சனமும் உண்டு. மன்னரின் ஆண்டுப் படித்தொகை ஒரு மில்லியன் யூரோவுக்கு மேல். அதற்கு வருமான வரி இல்லை. கோவிட் காரணமாக 2020 மார்ச் மாதப் பணி நாள்கள் ரத்தாயின. அதே அக்டோபரில், மக்கள் கட்டுப்பாடுகளில் இருந்தபோது அரச குடும்பம் கிரீசுக்கு விடுமுறை சென்றது கடும் கோபத்தைக் கிளப்பியது. மன்னர் காணொளியில் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. அந்தக் கோபத்தை ஒருநாள் தூரிகை வேலை ஆற்றிவிடாது.

ஆனாலும் ஒரு சிற்றூர் இல்லத்தின் வேலிக்குப் படக்கருவிகள் வருவது அரசியார் வருவதால்தான். அந்தச் செய்தியைப் பார்த்து அடுத்த ஆண்டு பெயர் கொடுப்போரும் உண்டு. மற்றபடி, அரச குடும்பம் வராத ஆயிரக்கணக்கான இடங்களிலும் அதே இரு நாள்களில் வேலை நடக்கிறது.