சோம்பல் கண்

கொல்லிமலை என்றதும் நமக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் நினைவுக்கு வருவார்கள். அந்த மலையில் 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டு என்ற ஆங்கிலேயப் பாதிரியார் மனைவி எவலினுடன் குடியேறினார். முழு வைத்தியப் படிப்புப் படித்தவரல்லர். ஆயினும், நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திராமல் மருந்தோடு ஊர் ஊராகப் போனார். 1929-ல் காய்ச்சலுக்கே பலியானார்.

அவர் வழி மிகவும் தேவைப்படும் நோய் ஒன்று உண்டு: குழந்தைகளின் சோம்பல் கண். பார்வைக்குக் கண் நன்றாகவே இருக்கும். ஆனால் மாறுகண்ணாலோ, இரு கண்களின் பார்வை வேற்றுமையாலோ, ஒரு கண் காட்டுவதை மூளை ஒதுக்கிவிடும். மற்றக் கண்ணால் பார்த்துப் பழகிய குழந்தைக்குக் குறையே தெரியாது. பிறகு எப்படி முறையிடும்?

பரிகாரம் பழையது. நல்ல கண்ணை மூடி, மங்கிய கண்ணுக்கு வேலை கொடுக்கும்படி 1743-லேயே பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் எழுதினார். இளமையிலேயே ஏன் செய்ய வேண்டும் என்பதை 1960-களில் ஹ்யூபெலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து விளக்கினார்கள். 1981-ல் நோபெல் பரிசு பெற்றார்கள். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிகுதி. மிதமான குறைக்கு நாளுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஒரே பலனைத் தருகின்றன என்று 2003-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது.

வைத்தியம் எளிது, காலந்தான் குறுகியது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து குழந்தை இறங்கி வரட்டும் என்றிருந்தால் அந்தக் காலம் போய்விடும். கண் சோதிக்கும் எழுத்து அட்டைதான் மலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும்.