கடை மூடியபின் தொடர்ந்த காட்சிக்கூடம்: சீகலாப்பின் மார்ச் 1969 அழைப்புக் கடிதம் – ஒரு மறுவாசிப்பு

நியூயார்க் 56ஆம் தெருவில் 1964இல் தொடங்கிய தமது காட்சிக்கூடத்தைச் சேத் சீகலாப் 1966இல் மூடினார். அதற்குப் பின் அவர் நடத்திய கண்காட்சிகளை, கலை சுவரிலிருந்து பெற்ற விடுதலையாகவே முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் வாசித்துவந்துள்ளன. கூடம் அச்சுக்குள் புகுந்தது, வணிகரின் பிடி தளர்ந்தது, கலைஞர் தாமே பேசத் தொடங்கினார் என்பது அவ்வாசிப்பின் சாரம். முதல் கூற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற இரண்டையும் மார்ச் 1969 கண்காட்சிக்கான அழைப்புக் கடிதம் ஏற்க விடவில்லை.

31 கலைஞர்கள், மாதத்தின் 31 நாட்கள், ஆளுக்கு ஒரு நாள் என்பது அக்கண்காட்சியின் திட்டம். அதற்கென்று அறை எதுவும் கிடையாது. நாட்காட்டி வடிவில் அச்சான கையேடுதான் கண்காட்சி. கடிதம் கலைஞருக்கு மூன்று வாய்ப்புகளைத் தருகிறது: பெயரோடு படைப்பின் விவரத்தையும் தரலாம், பெயரை மட்டும் தரலாம், பெயரே வேண்டாம் எனலாம். இந்த மூன்றாவது வாய்ப்பைத்தான் ஆய்வாளர்கள் கலைஞரின் சுதந்திரத்துக்குச் சான்றாக மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே தாளில் அடுத்து வரும் நிபந்தனைகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பதில் சொற்களால் மட்டுமே அமைய வேண்டும். பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் பெயர் இடம்பெறாது. வந்த பதில்கள் அனைத்தும் பதிப்பாளரின் உடைமை ஆகிவிடும்.

மூன்றாவது வாய்ப்பையும், பதில் வராவிட்டால் பெயர் இடம்பெறாது என்ற நிபந்தனையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பதிலளிக்காதவரும் மறுத்தவரும் கடிதத்தின்படி ஒரே வகுப்பினர். மறதி, நேரமின்மை, எதிர்ப்பு எல்லாம் கையேட்டில் தேதி மட்டும் தாங்கிய வெற்றுத்தாளாகவே வர முடியும். ஆனால் கையேட்டின் தொடக்கத்தில் அக்கடிதமே அச்சாகியிருக்கிறது. அதில் அழைக்கப்பட்டவர் அனைவரின் பெயரும் அவரவர்க்கு ஒதுக்கிய நாளோடு வரிசையாக நிற்கிறது. வெற்றுத்தாள் யாருடையது என்று அறிய வாசகர் சில தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினால் போதும். பெயர் வராது என்று வாக்களித்த தாளே பெயரை வெளியிடுகிறது. வர மறுத்தவரின் மௌனமும் கண்காட்சிக்குள் சேர்க்கப்பட்டுவிடுகிறது. சுவருள்ள எந்தக் கூடமும் இப்படிச் செய்ய முடியாது. அங்கே படம் தர மறுத்தவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். இதைச் சீகலாப் திட்டமிட்டே செய்தார் என்று நான் வாதிடவில்லை. கையேடு செயல்படும் விதம் இது என்பதே என் கூற்று. இதை விடுதலை என்று அழைப்பது எனக்கு இயலாத காரியம்.

உடைமை பற்றிய வரி அச்சுத்தொழிலின் வழக்கமான சம்பிரதாயம்தானே என்று கேட்கலாம். இருக்கலாம். ஆனால் படைப்பு என்பது விவரிப்பே என்று ஆகிவிட்ட ஒரு கண்காட்சியில் விவரிப்பைத் தம் உடைமையாக்கும் வரியைச் சம்பிரதாயம் என்று ஒதுக்க முடியாது. கையில் பணமில்லாததால் கடையை மூடினார், இதில் கோட்பாடு தேட வேண்டியதில்லை என்ற மறுப்பு, மூடியதை விளக்கும். தொடர்ந்த விதத்தை விளக்காது.

அதே ஆண்டு ஜனவரிக் கண்காட்சி இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது. பேரி, ஹியூப்ளர், கொசுத், வீனர் ஆகிய நான்கு கலைஞர்களின் 32 படைப்புகள் கையேட்டில் பதிவாயின. ஆளுக்கு இரண்டு மட்டும் 52ஆம் தெருவில் ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்த அலுவலக அறையில் இருந்தன. கையேடே முதன்மை, அறை துணை என்பது சீகலாப்பின் நிலைப்பாடு. அப்படியானால் வரவேற்பு மேசையில் கலைஞர் ஏட்ரியன் பைப்பரை ஏன் அமர்த்த வேண்டும்? வீனர் அறையின் கம்பளத்தில் வெளுப்புத் திரவத்தை ஊற்றி நிறம் போகச் செய்தார். தரைவிரிப்பில் உண்மையாகவே ஒரு வெளுத்த இடம் இருந்ததால்தான் கையேட்டின் சொற்களை வெறும் யோசனை என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. முகவரி, திறப்பு நேரம், விசாரித்தால் பதில் சொல்ல ஓர் ஆள் என்று கடையின் உறுப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. ஆண்டு முழுவதற்குமான வாடகை ஒன்றுதான் இல்லாமல் போயிற்று.

இந்த வழியில் பார்த்தால் 1971இல் வழக்கறிஞர் பாப் புரொஜான்ஸ்கியுடன் சேர்ந்து சீகலாப் வெளியிட்ட கலைஞர் உரிமை ஒப்பந்தம் திசைமாற்றமாகத் தெரியாது. படைப்பு கைமாறும்போதெல்லாம் மதிப்பு உயர்வில் 15 விழுக்காடு கலைஞருக்குச் சேரும். பழுதுபார்க்கும் முன் அவரைக் கலந்துகொள்ள வேண்டும். காட்சிக்கு வைத்தால் தெரிவிக்க வேண்டும். நியாயமான விதிகள், இன்றும் நம் கலைஞர்களுக்குக் கிடைத்தால் நல்லது என்று நான் நினைப்பவை. கலைஞரும் வாங்குபவருமே இதில் கையெழுத்திடுகிறார்கள், கூடத்துக்கு இடமே இல்லை, எனவே சீகலாப் விலகிக்கொண்டார் என்பது முந்தைய முடிவு. ஆனால் விற்ற பொருளைப் பின்தொடர முடியாமை கடையின் பழைய குறை. கடையை விட்டுப் போன பொருளோடு இப்போது ஒரு தாள் போகிறது. இரண்டாவது, மூன்றாவது வாங்குபவரும் அதன் நிபந்தனைகளுக்கு உட்படுகிறார். மார்ச் கடிதம் பதில் வரும் முன்பே அதன் வடிவத்தை நிர்ணயித்தது போல, ஒப்பந்தம் விற்பனைக்குப் பிந்தைய ஆண்டுகளின் வடிவத்தை நிர்ணயிக்கிறது. இரண்டையும் வெளியிட்டு அனுப்பிவைத்தவர் ஒருவரே. கடிதத்தில் உரிமை பதிப்பாளர் பக்கம் சாய்ந்தது, ஒப்பந்தத்தில் கலைஞர் பக்கம். இரண்டு ஆண்டுகளில் நேர்ந்த இந்தச் சாய்வு மாற்றத்தைத்தான் ஆய்வு விளக்கியாக வேண்டும். கூடம் மறைந்ததாகக் கொள்ளும் வாசிப்பில் அந்தக் கேள்வி எழவே வழியில்லை.