பழைய சுருளும் புதிய முழக்கமும்



சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக் கலைவிழாவிலே மேல்வகுப்பு மாணவர் சிலர் மின்கிற்றாருடன் மேடையேறினர். பாட்டுத் தொடங்குமுன்னரே அக்கருவி செவியைத் துளைக்கும்படி ஊளையிட்டது. பெருக்கியைத் தணித்தால் ஊளை அடங்கும். ஆனால் அவர்கள் விரும்பிய முழக்கமும் உடன் அடங்கிவிடும். கிற்றாரை ஏந்தி நின்ற பையன், பழைய அமெரிக்கக் கருவிகளில் இருந்ததைப் போலவே செய்யப்பட்ட பிக்கப் ஒன்றை, ஓராண்டு சேர்த்த பணத்தில் வாங்கிப் பொருத்தியிருந்தான். "சேர், பழைய மாதிரிதான் சிறந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?" என்று பின்னர் என் அறையில் வந்து கேட்டான். நானோ கலைப் பட்டதாரி, மின்னியல் கற்றவனல்லன். எனினும், அவன் வினாவுக்கு விடை வரலாற்றிலே இருந்தது.

பிக்கப் என்பது கம்பியின் அசைவை மின்னாக மாற்றும் உறுப்பு. காந்தத்தைச் சூழ மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் முறை சுற்றி, அதன்மேல் உருக்குத் தந்தியை அதிரவிட்டால், சுருளில் மின் பிறக்கும். மைக்கல் பரடே 1831இல் கண்ட தத்துவமே இது. சரியாக நூறாண்டு கழித்து, 1931இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜோர்ஜ் பீச்சம் என்னும் இசைஞர் இத்தத்துவத்தைக் கிற்றாருக்கு ஏற்றினார். அடொல்ப் ரிக்கன்பக்கரோடு கூடி அவர் விற்பனைக்குக் கொணர்ந்த கருவி வட்ட உடலும் நீண்ட கழுத்தும் உடையது. அதனால் மக்கள் அதனைத் 'தாச்சி' என்றே அழைத்தனர். அதற்குரிய ஆக்கவுரிமை 1937இலேயே கிடைத்தது.

இச்சுருளுக்கு ஒரு பிறவிக்குறை உண்டு. தந்தியின் அசைவை வாங்குவது போலவே, சுற்றியுள்ள மின்விளக்கு, மின்மாற்றி ஆகியவற்றின் காந்த அலைகளையும் அது வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் மின்னோட்டம் செக்கனுக்கு 60 சுழற்சி உடையது; ஆகவே அதனை ஒட்டிய இரைச்சல் எப்போதும் பாட்டோடு கலந்துவரும்.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் இருந்த கிப்சன் தொழிலகத்தின் சேத் லவர் என்பவர் இதற்கு வழி கண்டார். அவர் ஒன்றுக்கு இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். காந்த முனைகளையும் சுருள்களின் இணைப்புத் திசையையும் ஒன்றற்கொன்று எதிராக அமைத்தார். வெளியிரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் ஒலி மட்டும் கூடிப் பெருகியது. 1955இல் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. இடையில் வெளிவந்தவற்றின் அடியில், ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று சிறு சீட்டு ஒட்டினர். இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்கப்படுவன அச்சீட்டு உடையவையே. பின்னர் ஒட்டிய சீட்டில் இலக்கம் அச்சிட்டார்கள். அதுவோ லெஸ் போல் பெற்ற தந்திதாங்கியின் ஆக்கவுரிமை இலக்கம்! போட்டியாளரை வழிதவறச் செய்யவே அவ்வாறு இட்டனர் என்பாருமுளர்.

சுருள் சுற்றுவதும் அக்காலத்தில் சீராக நடக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 5,000 சுற்று என்பது நியமம். ஆயினும் சில கூடின, சில குறைந்தன. காந்தமும், அலுமினியம், நிக்கல், கோபாற்று கலந்த அல்னிக்கோ வகைகளுள் கையில் அகப்பட்டதாயிற்று. ஆதலால் அவற்றின் தடை 7,000 ஓமிலிருந்து 9,000 ஓம் வரை வேறுபட்டது. 'பழைய ஒலி' என்று ஒன்று இல்லை, பல உண்டு.

1966இல் ஜோன் மேயோலின் குழுவிலே எரிக் கிளப்டன் அத்தகைய கிப்சன் கருவியை மார்ஷல் பெருக்கியோடு இணைத்து, வால்வுகள் திணறுமளவுக்கு முழக்கினார். அந்தத் திணறலே இளைஞருக்கு இனித்தது. இன்னும் வேண்டும் என்றனர். ஆனால் அந்நாளைய பெருக்கிகளை அவ்வளவு திணறவைக்க, பிக்கப்பிலிருந்தே கூடுதல் விசை வரவேண்டியிருந்தது. 1972இல் லரி டிமார்சியோ, செராமிக் காந்தமும் மிகுதியான சுற்றும் உடைய பிக்கப்பை வெளியிட்டார். அதன் தடை ஏறத்தாழ 13,000 ஓம். விசை பெருகியது. ஆனால் சுற்று மிகுந்தால் உச்சத் தொனிகள் மங்கும் என்பது இயற்கை.

இன்றைய பெருக்கிகளோ தாமே படிப்படியாக ஒலியைப் பெருக்கவல்லன. பிக்கப்பிடம் அவை விசையை வேண்டுவதில்லை, தெளிவையே வேண்டுகின்றன. ஆகவே 8,000 ஓமை ஒட்டிய பழைய மாதிரி பெருமுழக்கத்துக்கும் ஏற்றதே. ஐந்தாம் வகை அல்னிக்கோ தாழ்ந்த தந்திகளை இறுக்கமாக ஒலிக்கச் செய்யும். இரண்டாம் வகை மென்மையானது, விரைந்த தாளத்தில் சற்றுக் குழையும். என் செவிக்கு இரண்டாவதே இனிது. என் மாணவருக்கு முதலாவது.

பையனின் தெரிவு பிழையன்று. பிழை வேறிடத்தில் இருந்தது. லவரின் பிக்கப்புகள் மெழுகில் தோய்க்கப்படாதவை. சுருளின் இழைகளும் மேல்மூடியும் சிறிதளவு தளர்ந்திருப்பின், பேரொலியில் அவையே அதிர்ந்து ஊளையிடும். 1950களின் மெல்லிய இசைக்கு அது தடையாகவில்லை. 1978இல் தம் முதல் இசைத்தட்டால் உலகறிந்த எடி வான் ஹேலன், பழைய கிப்சன் பிக்கப்பை உருகிய மெழுகில் தோய்த்தே பயன்படுத்தினார். சிலவற்றை அவ்வாறு செய்கையில் கெடுத்தும் இருக்கிறார். பழையதை அச்சொட்டாகப் பின்பற்றிச் செய்தவர்கள் மெழுகின்மையையும் பின்பற்றியிருந்தார்கள்!

இதனைச் சொன்னதும், பையன் வீட்டு அடுப்பிலேயே மெழுகு உருக்கப் புறப்பட்டான். மெழுகு தீப்பற்றும், சூடு மிகுந்தால் சுருள் சுற்றிய பிளாஸ்டிக் சட்டமும் உருகும் என்று தடுத்து, வானொலி திருத்துபவர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் கொதிநீர்ப் பாத்திரத்துள் வேறொரு பாத்திரம் வைத்து, மெழுகைப் பதமாக உருக்கி, காற்றுக் குமிழி எழுவது அடங்கும்வரை பிக்கப்பைத் தோய்த்தெடுத்தார்.

இவ்வாண்டு விழாவிலே ஊளை எழவில்லை. முழக்கம் எழுந்தது. எங்கள் சங்கீத ஆசிரியர் முதற்பாட்டு முடியுமுன் மண்டபத்தை விட்டு வெளியேறினார். நான் முன்வரிசையில் இறுதிவரை இருந்தேன்.