வரையும் உரிமையே நில உரிமை: நுரரா ஓவியம் குறித்து

ஆஸ்திரேலியப் பாலைநிலப் பழங்குடியினரின் ஓவியங்களைக் கலைச்சந்தை அரூபக் கலையாக விற்கிறது. அருங்காட்சியக விளக்கக் குறிப்புகளோ அவற்றை மேலிருந்து பார்த்த நிலப்படம் என்கின்றன. இரண்டு பார்வைகளும் ஒரு கேள்வியைத் தவறவிடுகின்றன: அந்தப் படத்தை வரையத் தகுதியுடையவர் யார்? ஓர் இடத்தின் கனவுக்காலக் கதையை, அதாவது மூதாதையர் அந்த நிலத்தை உருவாக்கிய கதையைத் தீட்டும் உரிமை, அந்த இடத்தின்மீதுள்ள உரிமையிலிருந்தே பிறக்கிறது என்பதே என் வாதம்.

1971இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே, பப்புன்யா பள்ளிச் சுவரில் முதியவர்கள் தேனெறும்புக் கனவுக்காலக் கதையைத் தீட்டினர். அடுத்து வந்த பலகை ஓவியங்கள் சிலவற்றில் சடங்குப் பொருள்கள் வெளிப்படையாக இடம்பெற்றதால் பிற குழுக்களின் பெரியவர்கள் கடுமையாக எதிர்த்தனர். பிறகு அவ்வுருவங்கள் குறைந்தன, புள்ளிகள் பெருகின. புள்ளிகள் பெருகியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதைக் காட்டலாம், யார் காட்டலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது என்பதை அந்தப் பூசல் உறுதிசெய்கிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்தில் கிடைக்கிறது. வல்மஜாரி, வங்கஜுங்கா, மங்களா, ஜுவாலின் மொழியினர் 1990களில் பூர்வீக நில உரிமை கோரியபோது, ஆங்கிலத்தில் நடந்த விசாரணை அவர்கள் வாயைக் கட்டிப்போட்டது. ஆகவே வரைந்தே சொல்வதென முடிவெடுத்தார்கள். 1997இல் பிர்னினி என்னும் இடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கூடி, ஏறத்தாழ 8 மீட்டருக்கு 10 மீட்டர் அளவுள்ள துணியில் நுரரா ஓவியத்தைத் தீட்டினர். அவரவர் நாட்டை அவரவரே வரைந்தனர். அந்த நாட்டின் உயிர்நிலை ஜிலா எனப்படும் வற்றாத ஊற்று. கூர்ட்டல் போன்ற கனவுக்கால மாந்தர் மழையைக் கொணர்ந்து, பயணம் முடிந்ததும் பாம்பாகி ஊற்றுக்குள் குடிபுகுந்தனர் என்பது அவர்கள் அறிந்த வரலாறு. உரிமைக் கோரிக்கையை விசாரித்த தீர்ப்பாயத்தின் முன் ஒவ்வொருவரும் ஓவியத்தில் தாம் வரைந்த ஊற்றின்மேல் ஏறி நின்று, தம் மொழியிலேயே சாட்சி சொன்னார்கள்.

நில அளவையாளர் இந்த ஓவியத்தில் அளவுகோலைத் தேடினால் ஏமாந்துபோவார். 1906க்கும் 1910க்கும் இடையே ஊற்றுகளின் வழியே கிணறு தோண்டி அரசு போட்ட கேனிங் மாட்டுப்பாதை இதில் ஒரு கோடு மட்டுமே. இந்த ஓவியத்தின் சான்றுவலிமை தூரங்களின் துல்லியத்தில் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் உரியவர் அங்கே நின்றதில் இருக்கிறது.

சான்றாகக் கொள்வது அழகைக் குறைத்து மதிப்பதாகாதா என்று கலை விமர்சகர் கேட்கக்கூடும். அந்தப் பிரிவினையை ஓவியர்கள் ஏற்றதாகத் தெரியவில்லை. ஊற்றைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய பளிச்சிடும் நிறங்களே ஊற்றின் உயிர்ப்பைச் சொல்கின்றன. மங்கலாகத் தீட்டியிருந்தால் சாட்சியமும் மங்கியிருக்கும். 2007இல் சுமார் 77,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின்மீது அவர்களின் உரிமை சட்டப்படி ஏற்கப்பட்டது. ஓவியம் ஒன்றே அதைப் பெற்றுத் தந்தது என்பது மிகை. ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, ஆங்கிலத்தின் தயவின்றிச் சொந்த மொழியில் பேசுவதற்கு அவர்கள் நின்ற இடம் அந்தத் துணிதான்.