ஊசி தந்த உயிர்

இனிப்புநீருக்கு ஊசி போடச் சொன்னால், "இனி அவ்வளவுதான்" என்று அஞ்சுகிறோம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1921-க்கு முன் இந்நோய் கண்ட சிறுவர்களுக்கு மருந்தே இல்லை. உணவைக் குறைத்துப் பட்டினி போட்டுச் சிறிது காலம் உயிரை நிறுத்தினார்கள். அவ்வாண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-இல், 14 வயது லியோனார்ட் தாம்சனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. காலிப் என்பவர் மருந்தைத் தூய்மைப்படுத்தினார். 23-ஆம் நாள் போட்ட ஊசி பலித்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இன்சுலின் நோயை ஒழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. வேளை தவறாத மருந்தும் அளவான சாப்பாடும் நம் பொறுப்பு. வேலைக்காட்டில் காலில் முள் குத்தினாலும் அசட்டையாக விடாதீர்கள். ஊசி முடிவன்று, வாழ வழி.